குரோமை விட்டு ஏன் போகிறார்கள், நீங்களும் போக வேண்டுமா

"எல்லார் போனிலும் குரோம் கூடவே வந்துவிடுகிறது, நன்றாகத்தான் ஓடுகிறது, அப்புறம் ஏன் சிலர் ஃபயர்பாக்ஸ், பிரேவ், உலா என்று மாறிக்கொண்டே இருக்கிறார்கள், நானும் மாறணுமா?" என்று ஆரியங்காவிலிருந்து கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நான் செங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறேன். மலைக்கு அந்தப் பக்கம் தென்மலை, புனலூர் வரைக்கும், இந்தப் பக்கம் தென்காசி, கடையநல்லூர் வரைக்கும் ஆட்கள் சிஸ்டமும் போனும் தூக்கிக்கொண்டு வருவார்கள், அதனால் யார் எதற்காக மாறுகிறார்கள் என்பது ஓரளவு கண்ணில் படும். நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

இன்னொன்று நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு பிரவுசர் மாற்றுகிறவர்கள் ரொம்பக் கம்மி. கையில் இருப்பது எங்கேயோ இடிக்கத் தொடங்கும், கொஞ்ச நாள் பொறுப்பார்கள், ஒரு நாள் பொறுமை போய் வேறொன்றை இறக்கிவிடுவார்கள். எது இடிக்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு, காலத்துக்குக் காலம் வேறு. பழைய கதையைக் கொஞ்சம் பார்த்துவிட்டு இன்றைக்கு வருவோம், ஏனென்றால் அந்தக் கதையில் நமக்குத் தேவையான விஷயம் ஒன்று இருக்கிறது.

தமிழ் வாசிக்கிறவர்களுக்கு இடைஞ்சல் எழுத்திலேயே இருந்தது. 2000ஐ ஒட்டிய வருடங்களில் தமிழ்ப் பத்திரிகைத் தளங்கள் ஆளுக்கொரு ஃபான்ட் வைத்திருந்தன, எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடு அப்போது பரவவில்லை. ஃபான்ட்டைத் தனியாக இறக்கிப் போடத் தெரியாதவர்களுக்காக, பக்கத்தோடு சேர்ந்தே ஃபான்ட்டும் வந்து இறங்குகிற மாதிரி ஒரு ஏற்பாடு இருந்தது, டைனமிக் ஃபான்ட் என்பார்கள். அதில் மைக்ரோசாஃப்டின் இஓடி வகை, அவர்களுடைய பிரவுசரான இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும்தான் வேலை செய்யும். அதே பக்கத்தை வேறு பிரவுசரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து கன்னாபின்னாவென்று தெரியும். மலையாளப் பத்திரிகைகளும் அப்படித்தான் இருந்தன. 2004 நவம்பர் 9 அன்று ஃபயர்பாக்ஸ் 1.0 வெளியானது. 2001இல் எக்ஸ்புளோரர் 6ஐக் கொடுத்துவிட்டு 2006 வரைக்கும் அடுத்த பதிப்பே கொடுக்காமல் மைக்ரோசாஃப்ட் சும்மா இருந்த காலம் அது, பாப்-அப் விளம்பரமும் ஸ்பைவேரும் தாங்க முடியாமல் வெளிநாட்டில் ஆட்கள் கூட்டம் கூட்டமாக ஃபயர்பாக்ஸுக்குப் போனார்கள். இங்கே அதே பாப்-அப்பால் அவதிப்பட்ட ஆளால் போக முடியவில்லை, போனால் காலையில் பேப்பர் படிக்க முடியாது. பிறகுதான் அந்தப் பழைய ஃபான்ட் எழுத்துகளை யூனிகோடாக மாற்றிக் காட்டுகிற பத்மா என்ற எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு சேர்த்துப் போடுகிற துணைச் செயலி, ஃபயர்பாக்ஸுக்கு வந்தது, மெல்ல மெல்லப் பத்திரிகைகளும் யூனிகோடுக்கு மாறின.

அதோடு தீரவில்லை. ஃபயர்பாக்ஸ் 2 வரைக்கும், ஒரு பக்கத்தில் தமிழை இரண்டு ஓரமும் சமமாக இருக்கும்படி ஜஸ்டிஃபை செய்து வைத்திருந்தால் எழுத்து உடைந்துவிடும். 'கொ' என்பது கொம்பு தனி, க தனி, கால் தனி என்று பிரிந்து நிற்கும். வலைப்பதிவு எழுதுகிறவர்களிடம் "தயவுசெய்து ஜஸ்டிஃபை பண்ணாதீர்கள், ஃபயர்பாக்ஸில் படிக்க முடியவில்லை" என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2008 ஜூனில் ஃபயர்பாக்ஸ் 3 வந்தபோதுதான் இது சரியானது. அதே வருடம் செப்டம்பரில் குரோம் வந்துவிட்டது. வேகமாகத் திறந்தது, மேலே பட்டைகள் இல்லாமல் பளிச்சென்று இருந்தது, முகவரி எழுதுகிற இடத்திலேயே தேடவும் முடிந்தது. எக்ஸ்புளோரரிலிருந்தும் போனார்கள், ஃபயர்பாக்ஸிலிருந்தும் போனார்கள். அன்றைக்கு மாற்று பிரவுசர் என்றால் குரோம்தான் என்பதை இன்றைக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள்.

போனில் வேறு கதை. பட்டன் போன், டூஜி நெட், தமிழ் ஃபான்ட் கிடையாது. அந்தக் காலத்தில் ஓபரா மினி பெரிய வரம். பக்கத்தை உங்கள் போன் திறக்காது, ஓபராவின் சர்வர் திறந்து, சுருக்கி, சின்னதாக்கி அனுப்பும், டேட்டா பத்தில் ஒரு பங்கு ஆனாலே ஆச்சரியமில்லை. முகவரி இடத்தில் 'ஓபரா:கான்ஃபிக்' என்று அடித்து, வருகிற பக்கத்தின் அடியில் சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் ஃபான்ட் என்ற வரியை 'எஸ்' ஆக்கினால் தமிழும் மலையாளமும் சர்வரிலேயே படமாக வரையப்பட்டு வந்து சேரும். என் வயதுக்காரர்கள் பலர் போனில் முதன்முதலில் தமிழ் வாசித்தது அப்படித்தான். புளியரையைத் தாண்டி எஸ் வளைவு ஏறும்போது சிக்னல் ஒரு கட்டையாக இறங்கினாலும் பக்கம் எப்படியோ வந்து சேரும். அடுத்து யூசி பிரவுசர், பாதியில் அறுந்த டவுன்லோடை விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பதற்காகவே பையன்கள் அதை வைத்திருந்தார்கள், ஒரு கட்டத்தில் இந்திய மொபைல்களில் குரோமையே பின்னுக்குத் தள்ளியிருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானதும் சுருக்க வேண்டிய தேவையே போய்விட்டது. 2020 ஜூன் 29 அன்று அரசு தடை செய்த 59 செயலிகளில் யூசியும் ஒன்று, அதோடு அந்தக் கதை முடிந்தது.

சரி, இன்றைக்கு வருவோம்.

கடைக்கு வருகிற புகாரில் முதலாவது "சிஸ்டம் தொங்குது". நாலு ஜிபி ரேம், சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்க், பத்துப் பதினைந்து டேப். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் குரோம் என்ற ஒரே பெயர் வரிசையாகக் கீழே போய்க்கொண்டே இருக்கும். இது கோளாறு இல்லை, அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். ஒரு டேப் செத்தால் மற்றது சாகக் கூடாது, ஒரு தளம் இன்னொரு தளத்தின் தகவலைத் திருடக் கூடாது என்பதற்காக ஒவ்வொன்றும் தனித்தனி புராசஸ். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற புராசசர் ஓட்டை வெளியே வந்தபிறகு இந்தப் பிரிப்பை இன்னும் கடுமையாக்கினார்கள், ரேம் செலவும் கூடியது. ஃபயர்பாக்ஸும் இப்போது ஏறக்குறைய அதே முறைதான், மைக்ரோசாஃப்டின் இப்போதைய பிரவுசரான எட்ஜ் சும்மா கிடக்கிற டேப்பைத் தூங்க வைக்கும், குரோமிலும் மெமரி சேவர் வந்துவிட்டது. ஆகவே ரேமுக்காக மட்டும் மாறுகிறவர்களிடம் நான் நேராகவே சொல்வேன், அந்த மெஷினுக்குப் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி போடுங்கள், பிரவுசர் மாற்றுவதைவிடப் பத்து மடங்கு வித்தியாசம் தெரியும். ஒரு விதிவிலக்கு உண்டு. விண்டோஸ் 7 மெஷின் வைத்திருக்கிறவர்களுக்கு குரோம் 109தான் கடைசி, 2023 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. ஃபயர்பாக்ஸின் 115 பதிப்புக்கு, அதைச் செய்கிற மொசில்லா அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் பாதுகாப்புத் திருத்தம் கொடுத்தது. அவர்கள் மாறியதில் அர்த்தம் இருந்தது.

இரண்டாவது விளம்பரம், இதுதான் இன்றைக்கு ஆளை நகர்த்துகிற பெரிய காரணம். குரோமில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன் போட்டு வைத்திருந்தவர்கள் 2024 நடுவில் தொடங்கி "இது இனி ஆதரிக்கப்படாது" என்ற எச்சரிக்கையைப் பார்த்தார்கள், 2025 நடுவுக்குள் அது குரோமில் வேலை செய்வதே நின்றுபோனது. மேனிஃபெஸ்ட் வி3 என்று கூகுள் கொண்டுவந்த புது விதிமுறைதான் காரணம். முன்பு, பக்கம் ஒன்று திறக்கும்போது அது வெளியே கேட்கிற ஒவ்வொரு கோப்பையும் எக்ஸ்டென்ஷன் நிறுத்திப் பார்த்து, இது விளம்பர சர்வருக்குப் போகிறது, விடாதே என்று அங்கேயே முடிவெடுக்கும். புது முறையில் எக்ஸ்டென்ஷன் ஒரு பட்டியலை முன்கூட்டியே பிரவுசரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும், தடுப்பதைப் பிரவுசரே செய்யும். எக்ஸ்டென்ஷன்கள் நீங்கள் பார்க்கிற எல்லாவற்றையும் பார்க்கக் கூடாது, அது ஆபத்து என்பது கூகுளின் வாதம். போலி எக்ஸ்டென்ஷனால் பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். ஆனால் விளம்பரத்தில் பிழைக்கிற நிறுவனம் விளம்பரத் தடுப்பானின் கையைக் கட்டும்போது யாருக்கு லாபம் என்பது எல்லாருக்கும் தெரிகிறது. யூபிளாக்கின் சுருக்கப் பதிப்பான லைட் குரோமில் இருக்கிறது, பரவாயில்லாமல் தடுக்கும். முழுசாக வேண்டும் என்றவர்கள் ஃபயர்பாக்ஸுக்குப் போனார்கள், அங்கே பழைய முறையையும் விட்டு வைத்திருக்கிறார்கள்.

போனில் இது இன்னும் கூர்மை. குரோமின் போன் பதிப்பில் எக்ஸ்டென்ஷனே போட முடியாது. பிரேவ் தடுப்பானைத் தன்னோடு சேர்த்தே கட்டி வருகிறது, ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸில் யூபிளாக் போடலாம். உங்கள் கல்லூரிப் பிள்ளைகள் பிரேவ் வைத்திருப்பதன் ரகசியம் இவ்வளவுதான், தம்பி.

விளம்பரத்தோடு சேர்ந்த இன்னொரு தொல்லையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வாரம் தவறாமல் வருகிறது. "அண்ணாச்சி, போன்ல வைரஸ் ஏறிட்டு" என்று ஒரு அக்கா போனை நீட்டுவார். மேலே இழுத்தால் ஆபத்து, உடனே சுத்தம் செய் என்று சிவப்பு எழுத்தில் நோட்டிபிகேஷன் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் மேலேயும் சின்னதாகப் பிரவுசர் பெயரும், கேள்விப்படாத ஒரு தளத்தின் பெயரும் இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. வைரஸ் ஒன்றும் கிடையாது. சீரியலோ படமோ பார்க்க ஏதோ ஒரு தளத்துக்குப் போயிருப்பார், "அலவ்" கொடுத்தால்தான் வீடியோ ஓடும் என்று காட்டியிருக்கும், கொடுத்திருப்பார். அந்தப் பக்கத்தை மூடினாலும் அந்த அனுமதி இருக்கிறவரை அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். பிரவுசர் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிபிகேஷன், அங்கே அந்தத் தளத்தை எடுத்துவிட்டால் போதும், முடிந்தது. பலர் இது தெரியாமல் வேறு பிரவுசருக்கு மாறி "இப்போ சரியாயிட்டு" என்கிறார்கள். புது பிரவுசரில் யாருக்கும் அலவ் கொடுக்கவில்லை, அதனால் சரியானது. அங்கேயும் அதே தளத்துக்குப் போய் அதே பொத்தானை அமுக்கினால் அதே நோட்டிபிகேஷன்தான் வரும்.

அடுத்து பிரைவசி. பேசுகிறவர்கள் நிறைய, அதற்காக மட்டுமே மாறியவர்கள் கம்மி, ஆனால் மாறியவர்களிடம் நியாயமான காரணம் இருக்கிறது. நீங்கள் ஒரு தளத்தைப் பார்க்கும்போது அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிற விளம்பர நிறுவனமும் தன் குக்கீயை, அதாவது உங்களை அடையாளம் காண ஒரு சின்னக் குறிப்பை, உங்கள் பிரவுசரில் வைத்துவிட்டுப் போகும், அடுத்த தளத்தில் உங்களை அடையாளம் கண்டுகொள்ளும். ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சிலேயே இதை முழுசாக அடைத்துவிட்டது, ஃபயர்பாக்ஸ் 2022 ஜூனில் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் அந்தந்தத் தளத்துக்குள்ளேயே பூட்டி வைக்கும் முறையை எல்லாருக்கும் தானாகவே போட்டுவிட்டது. கூகுள் 2020 ஜனவரியில் இரண்டே வருடத்தில் எடுத்துவிடுவோம் என்றது, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. பார்த்த தளங்களைப் பதிந்து வைக்காத இன்காக்னிட்டோ ஜன்னல் விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள், அதில் பார்த்தால் கூகுளுக்குத் தெரியாது என்று நம்பியவர்கள் அமெரிக்காவில் 2020இல் வழக்குப் போட்டார்கள், 2024இல் சமரசமாகி, சேர்த்து வைத்திருந்த தகவலை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது. இன்காக்னிட்டோ உங்கள் போனில் தடம் வைக்காது, அவ்வளவுதான். தளமும், நெட் கொடுக்கிறவரும், காலேஜ் வைஃபைக்காரரும் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

மாற்று பிரவுசர் வைத்திருக்கிற நிறுவனமெல்லாம் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. பிரேவ் 2020இல் சில கிரிப்டோ தளங்களின் முகவரியை அடித்தால் தனக்குக் கமிஷன் வருகிற இணைப்பாக நிரப்பிக் கொடுத்தது வெளியே தெரிந்து, மன்னிப்புக் கேட்டு நிறுத்தினார்கள். மொசில்லா 2025 பிப்ரவரியில் ஃபயர்பாக்ஸின் விதிமுறையில் எழுதிய வாசகம் பயனர்களை எரிச்சலாக்கி, திருத்தி எழுத வேண்டியதாயிற்று. அந்த மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு, கூகுளைத் தேடுபொறியாக முன்னிருப்பில், அதாவது டீஃபால்டாக, வைப்பதற்காக கூகுளே கொடுக்கிற பணம். இப்படி முன்னிருப்பு இடத்துக்காக கூகுள் எல்லா நிறுவனங்களுக்கும் சேர்த்து 2021இல் மட்டும் 26.3 பில்லியன் டாலர் கொடுத்தது என்பது கூகுள் மீதான அமெரிக்க ஏகபோக வழக்கில் வெளிவந்த கணக்கு. முன்பே போட்டுக் கொடுத்ததை யாரும் மாற்ற மாட்டார்கள் என்று தெரிந்துதானே அவ்வளவு பணம்?

உலா பற்றி நம் பக்கத்தில் எல்லாரும் கேட்கிறார்கள், கேட்கத்தான் செய்வார்கள். அதைச் செய்கிற சாஃப்ட்வேர் நிறுவனமான ஜோஹோ தென்காசி பக்கத்து மத்தளம்பாறையில் 2011லிருந்து இருக்கிறது, இப்போது கொட்டாரக்கரையிலும் இருக்கிறது, நமக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் அங்கே வேலை பார்க்கிறார்கள். உலாவை 2023 மே மாதம் வெளியிட்டார்கள், மத்திய அரசு நடத்திய இந்திய பிரவுசர் போட்டியில் 2025 மார்ச்சில் முதல் பரிசு ஒரு கோடி ரூபாய் வாங்கியது. 2025 செப்டம்பர், அக்டோபரில் ஜோஹோவின் அரட்டை செயலி பற்றி ஊரெல்லாம் பேச்சானபோது உலாவையும் சேர்த்து இறக்கினார்கள். வேலைக்கு, சொந்த உபயோகத்துக்கு, பிள்ளைகளுக்கு என்று தனித்தனி மோடு இருக்கிறது, விளம்பரத் தடுப்பும் உண்டு. ஊர்ப் பாசத்தில் போடுவது தப்பே இல்லை, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் உள்ளே இருக்கிற எஞ்சின், அதாவது பக்கத்தைத் திறந்து காட்டுகிற அடிப்படைப் பகுதி, கூகுளுடைய குரோமியம் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

நான் ரொம்ப முக்கியமாக நினைப்பது இந்த எஞ்சின் விஷயத்தைத்தான். பிரேவ், எட்ஜ், ஓபரா, விவால்டி, சாம்சங் பிரவுசர், உலா எல்லாமே குரோமியத்தின் மேல் கட்டியவை. ஓபரா 2013இல் தன் சொந்த எஞ்சினை விட்டது, மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் விட்டது. மிச்சம் இருப்பது ஃபயர்பாக்ஸின் கெக்கோவும் ஆப்பிளின் வெப்கிட்டும்தான். இந்தியாவில் ஐபோனில் எந்த பிரவுசரைப் போட்டாலும் உள்ளே வெப்கிட்தான் ஓடும், அதனால் அங்கே மாறுவது பாதி மாற்றம். எஞ்சின் ஒன்றாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். தளம் கட்டுகிறவர் அந்த ஒன்றில் மட்டும் சோதித்துவிட்டு விடுவார். போன மாதம்கூட ஒரு சான்றிதழ் விண்ணப்பத் தளத்தில் ஃபயர்பாக்ஸில் படிவம் எல்லாம் நிரப்பி முடித்தபிறகு சப்மிட் பொத்தான் அசையவே இல்லை, குரோமில் திறந்தால் உடனே போனது. நான் மேலே சொன்ன டைனமிக் ஃபான்ட் காலம் இதுதானே? எக்ஸ்புளோரரில் மட்டும் தெரிகிற தமிழ், அதனால் எக்ஸ்புளோரரை விட முடியாத ஆள். கையில் இருப்பது எவ்வளவு இடித்தாலும் எழுந்து போக ஒரு இடம் இருக்க வேண்டும். நாளைக்கு கூகுள் இன்னொரு விதியைப் போட்டால் குரோமியத்தின் மேல் கட்டிய எல்லாருக்கும் அது வந்து சேரும், பிரேவ் மாதிரி சிலர் கொஞ்ச காலம் தாக்குப்பிடிப்பார்கள், சின்ன நிறுவனங்களால் முடியாது. அதனால்தான் குறைகள் தெரிந்தும் ஃபயர்பாக்ஸை என் மெஷினில் முதல் பிரவுசராக வைத்திருக்கிறேன், குரோமை அந்த சப்மிட் பொத்தானுக்காக வைத்திருக்கிறேன்.

இப்போது உங்களுக்கு. மாற வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. எது உங்களுக்கு இடிக்கிறது என்று பாருங்கள். போனில் விளம்பரம்தான் தொல்லை என்றால் பிரேவோ, யூபிளாக் போட்ட ஃபயர்பாக்ஸோ. உங்களைப் பின்தொடர்வது பிடிக்கவில்லை என்றால் ஃபயர்பாக்ஸ். ஒன்றுமே இடிக்கவில்லை என்றால் குரோமிலேயே இருங்கள், ஆனால் நோட்டிபிகேஷன் அனுமதிகளை ஒரு தடவை சுத்தம் செய்யுங்கள். மாறினால் செட்டிங்ஸில் டீஃபால்ட் பிரவுசரையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் வருகிற லிங்க் எல்லாம் பழையதில்தான் திறக்கும். இன்ஸ்டாகிராம், பேஸ்புக் உள்ளே தொடுகிற லிங்க் அந்தச் செயலிக்குள்ளேயே திறக்கும், அங்கே உங்கள் பிரவுசரின் தடுப்பு எதுவும் இருக்காது, மூன்று புள்ளியைத் தொட்டு வெளியே திறந்துகொள்ளுங்கள்.

மாறிப் போனவர்கள் ஒரே வாரத்தில் திரும்பி வருவது பெரும்பாலும் பாஸ்வேர்டுக்காக. எல்லாம் குரோமில் சேமித்துக் கிடக்கும், ஒன்றும் நினைவில் இருக்காது. கம்ப்யூட்டரில் புது பிரவுசரை நிறுவியதும் பழையதிலிருந்து புக்மார்க்கை இழுத்துக்கொள்ளவா என்று அதுவே கேட்கும், சரி கொடுங்கள். பாஸ்வேர்டு கூடவே வரவில்லை என்றால் குரோமின் பாஸ்வேர்டு மேனேஜரில் போய் எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஒரு சிஎஸ்வி கோப்பு கிடைக்கும், அதைப் புதியதில் இம்போர்ட் செய்யலாம். அந்தக் கோப்பில் உங்கள் பாஸ்வேர்டு அத்தனையும் பூட்டில்லாமல் அப்படியே எழுதியிருக்கும், எக்ஸெல்லில் யார் திறந்தாலும் படிக்கலாம். அதை பிரவுசிங் சென்டரிலோ நண்பன் லேப்டாப்பிலோ செய்யாதீர்கள், உங்கள் மெஷினில் மட்டும் செய்யுங்கள். வேலை முடிந்ததும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து அழித்து, ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழித்துவிடுங்கள். சர்வீஸுக்கு வருகிற லேப்டாப்புகளில் அந்த சிஎஸ்வி அப்படியே கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.